களவா வெளியே வந்தபோது

வாளிக்குள் கையை விட்டு ஒரு மடவை மீன் குஞ்சைப் பிடித்தேன். முதுகுத் துடுப்புக்கு அருகே, தோலை மட்டும் கவ்வும்படி தூண்டில் முள்ளைக் கோத்தேன். ஆழமாகக் குத்தினால் செத்துவிடும். செத்த இரையைக் களவா மீன் ஏறெடுத்தும் பார்க்காது. கடல்பாலத்தின் ஏழாவது தூணுக்குக் கீழே, கருங்கல் குவியலின் பொந்துக்குள் அது இருந்தது. லிஃப்ட் அக்காவின் தூண்டில் நரம்பை இதுவரை மூன்று முறை அறுத்திருக்கிறது. அக்காவுக்கு இன்று இங்கே கடைசி நாள். நாலு மணி பஸ்ஸில் தம்பி வீட்டுக்குப் போகிறாள். இனி அங்கேதான்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவள். புது லிஃப்டுக்கு ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு சரி. எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது, வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான். அம்மா தையல் மிஷினில் குனிந்திருக்கும் மதிய வேளைகளில் இங்கே வந்துவிடுவேன். ஏன் பேச மாட்டேங்கிற என்று இந்த இரண்டு வருடத்தில் என்னைக் கேட்காத ஒரே ஆள் அக்கா.

"என்ன லிஃப்டு, மீன் எந்த மாடியில இருக்கு?" என்றார் எட்டாவது தூணில் நின்ற தொப்பிக்காரர்.

"உங்க தூண்டில் இன்னும் தரைத்தளத்துலயே நிக்குது. அதப் பாருங்க மொதல்ல."

இரண்டரை மணிக்கு நரம்பு விண்ணென்று இழுபட்டது. அக்கா எழுவதற்குள் களவா பொந்துக்குள் புகுந்துவிட்டது. உள்ளே போனதும் செவுளை விரித்து இறுக்கிக்கொள்ளும். இழுத்தால் கல்லில் உரசி நரம்பு அறுந்துவிடும். தளர விட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபத்து போயிற்று என்று நம்பி அதுவாக வெளியே வரும்போது ஒரே மூச்சில் தூக்க வேண்டும்.

"நீ புடி பாப்பா. பட்டன அமுக்கி அமுக்கி என் விரலு மரத்துப்போச்சு. வெளிய வந்தா சொல்லு."

நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கிக்கொண்டேன். அக்கா தன் பையைத் திறந்து சாமான்களை அடுக்கினாள்.

மூன்றேகால் இருக்கும். நரம்பு என் விரலில் மெல்ல ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. களவா வெளியே வருகிறது. 'அக்கா' என்று ஒரு சொல் போதும். அவள் தூக்குவாள், எல்லோரும் கூடுவார்கள், சிரிப்பாள், பையோடு போய்விடுவாள். நாலு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் பஸ். இன்னொரு மதியம்.

"வந்துச்சா?"

"இல்லக்கா."

கொஞ்ச நேரத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. பிறகு விரலில் எடையே இல்லை. விரலை அப்படியே வைத்திருந்தேன்.

"இப்பவாச்சும்?"

"உள்ளதான் இருக்குக்கா."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷம் பாக்கறேன். இத்தன நாள் ஏமாத்துனவன், மூஞ்சியப் பாக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

பத்து நிமிடம் இருபதாயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. கடற்கரைச் சாலையில் பஸ் வந்து திரும்பிப் போவது பாலத்திலிருந்தே தெரிந்தது. அக்காவும் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து நரம்பை வாங்கி இரண்டு விரலால் இழுத்தாள். தடையில்லாமல் வந்தது. நுனி பிசிறாக, வெளுத்திருந்தது.

"எப்ப அறுந்துச்சு?"

பொய்க்கு வந்த குரல் இப்போது வரவில்லை.

"சொல்லுடி."

"மூணரைக்கு."

"அதுக்கு முன்னால வெளிய வந்துச்சா?"

ஆமென்று தலையாட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் வெறும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே ரூம் சாவியக் குடுத்துட்டேன் பாப்பா. இன்னிக்கு எங்க போய்ப் படுப்பேன்?"

நாளைய மதியத்தை மட்டும்தான் நினைத்திருந்தேன். நடுவில் ஓர் இரவு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தொப்பிக்காரர் ஏதோ கேட்டார். அக்கா அறுந்த நரம்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரே அறை. மிஷினைச் சுவரோரம் தள்ளினால் இன்னும் ஓர் ஆள் படுக்கலாம். எங்க வீட்டுக்கு வாங்கக்கா. மூன்றே சொல். அதற்குப் பதில் குனிந்து பையைத் தூக்கினேன். அவளிடம் இருந்ததெல்லாம் அதற்குள்தான். ஆனாலும் ஒரு கையால் தூக்க முடிந்தது. கரையைப் பார்த்து, எங்கள் வீட்டுப் பக்கமாக நடந்தேன். பலகை இடுக்குகளில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடையைக் குறைத்தேன்.