அஸ்தமனம் ஆறு இருபத்தொன்று

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குல்ல? அதுவரைக்கும் நான் கோவமாத்தான் இருப்பேன். யாரும் சமாதானம் பேச வர வேண்டாம்." சமையலறை வாசலில் காலி டீ தம்ளரோடு நின்றிருந்த அப்பா, "சரி, அப்புறமா வரேன்" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்ச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் என்ன தப்பு செய்திருந்தார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மழையில் அம்மாவை பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார் என்று நினைக்கிறேன். நாற்பது நிமிடம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பாக அவர் எழுந்து வந்தார். அம்மா கத்தியை அவர் பக்கமாகத் தள்ளி, "மிச்சத்த நீங்க நறுக்குங்க" என்றாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு இப்படித்தான் கைமாறும்.

அவர்கள் கல்யாணத்தில் போதகர் பிரசங்கித்த வசனம் அது. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." எல்லோரும் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை பஸ் டிப்போவில் டைம்கீப்பர். மூன்று நிமிடம் தாமதமாக வந்த பஸ்ஸைச் சிவப்பு மையில் எழுதுகிறவர். வேதத்திலேயே ஒரு நேரக்கெடு போட்டிருக்கும்போது விடுவாரா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சூரியன் மறையும் நேரம் அச்சிட்ட தினசரிக் காலண்டர் ஒன்றை வாங்கி மாட்டினாராம். மேகமூட்டமான நாட்களில், சூரியனைக் காணோமே என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் நேரம்.

அந்த ஒரு வசனம் மட்டுமில்லை, எதையுமே அவர் அப்படியே எடுத்துக்கொள்வார். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். மறுநாளே வீட்டிலிருந்த இரண்டு குடைகளில் ஒன்று டிப்போ காவலாளியிடம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அடைமழை. அம்மா நனைந்துகொண்டே மருந்துக்கடை வேலைக்குப் போய் வந்தாள். "வாய்க்குக் காவல் வையும்னு வேண்டிட்டு இருக்கேன், இல்லன்னா நல்லா கேட்டிருப்பேன்" என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். அண்ணனும் நானும் வேறு கணக்குப் போட்டோம். கண்ணாடியை உடைப்பதாக இருந்தாலும் மதிப்பெண் தாளைக் காட்டுவதாக இருந்தாலும் ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் திட்டு சீக்கிரம் முடிந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அண்ணன்தான். "பொடிசு, காலைல மட்டும் மாட்டிக்காத. நாள் பூரா போகும்."

அண்ணனுக்கு ஒரே ஒரு கூட்டாளி. ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்ததால் அவனுக்குக் 'குட்டை' என்று பெயர். இருவரும் ஒரே ஆளிடம் வயரிங் வேலை பழகினார்கள், ஒரே சர்ச், கடைசி வரிசையில் ஒரே பெஞ்ச். குட்டைக்கு அப்பா இல்லை. அவன் அம்மா வீட்டிலேயே துணி தைப்பார். அண்ணனுக்கு இருபது வயது நடந்த வருடம் குட்டைக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணம் என்றார்கள், பிறகு மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மூன்று நாள் இருந்தான். தண்ணீர் மட்டும் குடித்தான். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். நான் அம்மாவோடு போனபோது, சுவர்ப்பக்கம் திரும்பி முழங்காலில் இருந்தான். அவன் பாதங்களின் அடிப்பக்கம் தரை அழுக்கில் கறுத்திருந்தது. நான்காம் நாள் விடிந்தபோது குட்டை இல்லை.

அடக்க ஆராதனையில் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். அண்ணன் அழவில்லை. அதற்குப் பிறகும் வாரா வாரம் எங்களோடு சர்ச்சுக்கு வந்தான், பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு எங்கேயோ போவான். எங்கே என்று நாங்களும் கேட்கவில்லை. இப்படி ஏழு வாரம். எட்டாவது ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பா, அடுத்த வாரத்துலேருந்து நான் வரல."

"எங்க?"

"சர்ச்சுக்கு."

அப்பா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "இது என்ன பேச்சு?"

"இந்த வீட்ல வசனம்னா அப்படியே செய்யணும்னு சொல்லிக் கொடுத்தது நீங்க. நான் அப்படியே செஞ்சேன். கேளுங்கள்னு போட்டிருந்துச்சு, கேட்டேன். என்ன தப்பா கேட்டேன்னு நீங்க சொல்லுங்க."

"கேக்குறதுக்கும் ஒரு விசுவாசம் வேணும்டா."

அந்த வார்த்தையை அப்பா யோசித்துச் சொன்னாரா, கையில் கிடைத்ததை எடுத்து வீசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்போ என்னாலதான் அவன் செத்தான்றீங்க? அப்படிப்பட்ட சாமி எனக்கு வேண்டாம்." அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அறை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதுவரை அப்பா எங்களை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. அண்ணன் கை கழுவினான், செருப்பை மாட்டினான், கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனான். மணி ஒன்றரை.

காலண்டரில் அன்றைக்கு அஸ்தமனம் ஆறு இருபத்தொன்று. அதை யாரும் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. நான்கு மணிக்கு அம்மா டீயைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். "போய்க் கூட்டிட்டு வாங்க."

"அவன் வந்து மன்னிப்பு கேக்கட்டும். பிள்ளைகளே, பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்னு இருக்கு."

"அதுக்கு மூணு வசனம் தள்ளி, பிதாக்களே உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீங்கன்னும் இருக்கு. அந்தப் பக்கத்த நீங்க வாசிக்கலையா?"

"தேவன நிந்திச்சான்டீ அவன்."

"பிள்ளை அழுதான். உங்களுக்கு அது நிந்தனையா கேட்டுச்சு." சொல்லிவிட்டு அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா டீயைக் குடிக்கவில்லை, அது ஆடை படிந்து ஆறியது. ஐந்தரைக்குத் திடீரென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். "பொடிசு, ஏறு. அவன் எங்க போவான்னு உனக்குத் தெரியுமா?" எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் "குட்டை வீடு" என்றேன். பின் சீட்டில் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். டிப்போவைத் தாண்டி, கிடங்குகளின் நீளமான சுவரோரமாகப் போனோம். அப்பா எப்போதும் நிதானமாக மிதிப்பவர். அன்று அவருடைய சட்டை என் முகத்தில் ஈரமாக ஒட்டியது. தெருமுனை வரும்போதெல்லாம் மேற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

குட்டை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஒரே அறை. தையல் மிஷின் மேல் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. துணி வெட்டும் மேசையை நடுவில் இழுத்துப் போட்டு அதன்மேல் அண்ணன் நின்றிருந்தான். சீலிங் ஃபேனைக் கழற்றிச் சரிசெய்து மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு கையால் ஃபேனின் எடையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் கொக்கியில் போல்ட்டை நுழைக்கப் பார்த்தான், கை எட்டவில்லை. குட்டையின் அம்மா கீழே நின்று இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார், அவருக்கும் எட்டவில்லை. அவர்தான் எங்களை முதலில் பார்த்தார்.

"வாங்கண்ணே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்துடறான். என்ன வேலை இருக்குன்னு கேப்பான். வேலை இல்லன்னா சும்மா உக்காந்திருப்பான்." தூக்கிய கைகளை அவர் இறக்கவில்லை. "எல்லாரும் அழாதீங்க அழாதீங்கன்னு சொல்றாங்கண்ணே. இவன் ஒருத்தன்தான் என்னை அழ விடறான். அவனும் உக்காந்து அழறான்."

அப்பா வாயைத் திறந்தார். நான் ஒரு வசனத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடத்துக்குப் பொருத்தமாகக் குறைந்தது நான்கு வசனமாவது அவருக்குத் தெரியும், பன்னிரண்டு வயதில் எனக்கே ஒன்று தெரியும். ஆனால் அவர் செருப்பைக் கழற்றினார், முழங்காலை ஊன்றி மேசைமேல் ஏறினார், ஃபேனை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தார்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. போல்ட்டையே பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் தூக்குங்க" என்றான்.

"இவ்வளவு போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

அப்பா குதிகாலை உயர்த்தி எம்பி நின்றார். போல்ட் நுழைய வெகுநேரம் ஆனது. இத்தனைக்கும் அண்ணன் வேலை தெரிந்தவன். அப்பாவின் தோள்கள் உதறின, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை இல்லை. அண்ணன் தன் சட்டைக் கையால் அதை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் ஸ்பேனரைத் திருகினான். ஜன்னலுக்கு வெளியே கிடங்குச் சுவரின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த கடைசி வெளிச்சமும் போய்விட்டது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அண்ணன் மறுபக்கம் நடந்தான், நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிப்போ அருகே அப்பா கேட்டார். "ரொம்பப் பட்டுடுச்சா?"

"இல்ல" என்றான் அண்ணன். கொஞ்ச தூரம் போனபிறகு, "பட்டுச்சு" என்றான்.

"தெரியும்டா." இன்னும் கொஞ்சம் நடந்தபிறகு, "நான் சொன்னதுதான் அதைவிடப் பெரிய தப்பு" என்றார் அப்பா.

வாசலில் நின்றிருந்த அம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருட்டிடுச்சே" என்றாள். "இருட்டட்டும்" என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அண்ணன் சொன்னபடியே அதற்குப் பிறகு சர்ச்சுக்கு வரவில்லை. அவன் திரும்பி வந்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அது நடக்கவில்லை. அப்பா கடைசி வரிசைக்கு மாறி அவன் இடத்தில் உட்கார ஆரம்பித்தார். பையனைக் கண்டித்துக் கூட்டிவரக் கூடாதா என்று யாராவது கேட்டால், "எனக்குச் சாயங்காலம் அவனோட ஒரு வேலை இருக்கு" என்பார். உண்மையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து குட்டையின் வீட்டுக்குப் போவார்கள். குழாய் மாற்றுவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், வேலை இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சாகும் வருடம்வரை அது நிற்கவில்லை.

இப்போது அண்ணன் வீட்டில் இரண்டு அம்மாக்கள். டிவி சத்தத்துக்காக இருவரும் தினமும் சண்டை போடுவதாகவும், தன் பேச்சு அங்கே எடுபடுவதில்லை என்றும் அண்ணி சொல்லிச் சிரிப்பாள். குட்டையின் அம்மாவுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. மதியத்தில் யாராவது அவருக்கு வேதம் வாசிக்க வேண்டும். "உங்கம்மா வேண்டாம்ப்பா, மருந்துச்சீட்டு வாசிக்கிற மாதிரி வாசிக்கிறா" என்று அவர் சொல்லிவிட்டதால், அது அண்ணன் தலையில் விழுந்தது. போன மாதம் போயிருந்தபோது, "நீ எப்படிண்ணா வேதம் வாசிக்கிற?" என்று அவனிடம் மெதுவாகக் கேட்டேன். நரைத்த தாடியைச் சொறிந்துகொண்டான். "அவங்களுக்குக் கண்ணு தெரியல. எனக்குத் தெரியுது" என்றான்.

அன்று பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவன் வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தான். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், வரிக்கு வரி விரலை நகர்த்திக்கொண்டே வாசித்தான். குட்டையின் அம்மா அவன் முழங்கால்மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அவர் தலை மெல்லச் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டார். அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான்.