புயலுக்கு ஒரு சாட்சி

படுக்கையில் கிடந்தபடியே ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது ரெய்யோவின் நெடுநாள் ஆசை. நடுவில் நின்று மறைத்தவை மாமனார் நட்ட பிர்ச் மரங்கள். மாமனார் ஏமெலி செத்துப் பல வருஷம் ஆகியும், அவர் வரைந்த படம் கூடத்தில் தொங்கியது. அதே மரங்கள், பின்னால் அதே ஏரி.

“அந்த மரத்துல கை வெச்சே, அப்புறம் நான் உன்கூட இருக்க மாட்டேன்” என்று மனைவி ரைலி சொல்லியிருந்தாள்.

அவள் அக்கா வீட்டுக்குப் போன வாரத்தில் ரெய்யோ ரம்பத்தை எடுத்தான். புயல் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். வழவழவென்று அறுக்கிற புயலை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், அடிக்கட்டைகளைக் கோடரியால் கொத்திப் பிய்த்தும் வைத்தான்.

மறுநாள் காலை காபியோடு கூடத்துக்கு வந்தால், படத்திலும் மரங்கள் இல்லை. பிய்ந்த அடிக்கட்டைகள் மட்டும். ஏரி பளிச்சென்று தெரிந்தது.

காபி ஆறும்வரை நின்றான். பிறகு, சாட்சி நம் பக்கம் சாய்ந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

நடுக்கோடைத் திருநாளன்று மத்தியானம், படத்துக் கட்டைகளின் நடுவே ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. கையில் ரம்பம். ரெய்யோ குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு வந்தான். படத்தில் இருந்தவனும் இப்போது வெற்று முதுகோடு நின்றான்.

படத்தின் மேல் காலண்டரை மாட்டினான்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்த ரைலி முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

“புயல்” என்றான்.

“பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பம் அப்படியே நிக்குதே.”

“சின்னப் புயல்.”

பண்டிகைக்காக வாசலின் இரு பக்கமும் அவன் நட்டிருந்த பிர்ச் கிளைகளைப் பார்த்தாள். “வாசலுக்கு மட்டும் அளவெடுத்து ஒடிச்சிருக்கு உன் புயல்.”

பையைக் கீழே வைக்காமலே உள்ளே போய்க் காலண்டரைத் தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அப்பாவுக்கு மனுஷங்கள வரையவே வராது. உன் வழுக்கைய மட்டும் அப்படியே போட்டிருக்காரு.”

“ரைலி, சவுனா சூடா இருக்கு. நீராவியில குளிச்சிட்டாவது போயேன்.”

“எந்த விறகு?”

ரெய்யோ ஜன்னல் வழியாக அடிக்கட்டைகளைப் பார்த்தான்.

“நம்ம வீட்ல சவுனாவோட கடைசிச் சூட்ட செத்தவங்க வந்து குளிக்கத்தான் விடுவோம். இன்னிக்கு மொத்தத்தையும் அப்பாவுக்கே விடு. மிச்சத்த நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க” என்று சொல்லிவிட்டுச் சாலைக்கு நடந்தாள்.

மறைய மனமில்லாத வெயில். ஏரி முழுசாகத் தெரிந்தது. ரெய்யோ அடுப்பை அணைக்கச் சவுனாவுக்குப் போனான். கதவருகே போகும்போதே, சுடுகல்லில் தண்ணீர் விழுந்து சீறுவது கேட்டது. பிறகு, நீராவியில் குளிப்பவர்கள் செய்வதுபோல் இலைக்கொத்தால் முதுகில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

சத்தம் நின்றது.

“மாப்ளே” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “இன்னும் ரெண்டு கட்ட எடுத்துட்டு வா. நம்ம மரந்தானே, நல்லா எரியுது.”