முத்தலிப் அ.

ஸல்ஹா வாசலில் நின்று அந்த அட்டையை நீட்டியபோதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வந்த முதற்கோபம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் மேல்தான் வந்தது. விடிந்தும் விடியாததுமாக வந்து தலையில் கல்லைப் போடுகிறாளே என்று.

"இது எங்கட மாப்புளட கடல் பாஸ், அக்கா. ஆனா பேரு அவருட வாப்பாட பேரு. மாமா மௌத்தாகி எட்டு வருஷம்."

அட்டையில் அவள் கணவன் அபூதாஹிரின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், செத்துப்போன தகப்பனின் பெயர், 'முத்தலிப் அ.'

"நேத்து வள்ளம் எறக்கப் போன எடத்துல, துறைச் சாவடி நேவிக்காரனுகள், ஐடென்டிக்காட்டுல ஒரு பேரு, இதுல இன்னொரு பேரு எண்டு புடிச்சி வெச்சிட்டானுகள். இண்டைக்கு நாலு மணிக்குள்ள அட்டை குடுத்த ஆக்கள்ட கடிதம் வராட்டி, கொழும்புக்கு ஏத்திருவாங்களாம்."

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த காலம். கொழும்புக்கு ஏற்றப்பட்டவனைத் தேடி அவனுடைய பெண்சாதி எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்க வேண்டும் என்பது திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து புறப்பட்டு, துறையில் படகு ஏறி, பஸ் பிடித்து, 'அட்டை அடிச்ச கம்பனி எங்க' என்று ஓர்ஸ் ஹில் முழுக்க விசாரித்து வந்திருக்கிறாள். கம்பனியாம் கம்பனி! முன்னறையில் ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு கதிரை. முகாமையாளர் நான். மென்பொருள் எழுதுகிறவள் நான். தொலைபேசி எடுக்கிறவளும் கதிரை துடைக்கிறவளும் நான். பெரிய கம்பனி என்றால் பழியைப் பங்கு போட நாலு பேர் இருப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்?

கதை இதுதான். கிண்ணியாப் பக்கத்து மீனவர்களுக்குப் புது அனுமதி அட்டை அடித்துக் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. பெயர்களைப் பதிந்து அட்டை அச்சிடும் மென்பொருளை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் 'முழுப்பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தேன். நிறுவனத்தின் திட்ட அதிகாரி கனகசுந்தரம் கொழும்பிலிருந்து வந்த படிவத்தை என் மேசையில் போட்டார். அதில் இரண்டு கட்டம். முதற்பெயர், குடும்பப்பெயர். முதற்பெயரை முழுதாக அடிக்க வேண்டுமாம், குடும்பப்பெயருக்கு ஓர் எழுத்துப் போதுமாம்.

"சேர், எங்கட ஆக்களுக்கு எங்க குடும்பப் பேர் இருக்கு? முன்னுக்கு எழுதுறது தகப்பன்ர பேர். இப்பிடிப் போட்டால் அட்டை முழுக்க அப்பன்மாற்ற பேர்தான் வரும்."

"ஞானமணிப் பிள்ளை, அட்டை நம்பர்தான் முக்கியம். பேரை ஆர் பாக்கப்போறான்? உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, கொழும்பில செய்ய ஆக்கள் இருக்கினம்."

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரை வருடத்தில் வந்த ஒரேயொரு பெரிய வேலை அது. வாயை மூடிக்கொண்டு கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். இருநூற்று நாற்பது தகப்பன்மாரை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். ஸல்ஹா சொல்கிறாள், அட்டை கையில் கிடைத்த அன்றே பெயர் பிழை என்று மீனவர் சங்கத்துக் கிளாக்கரிடம் இவர்கள் முறையிட்டார்களாம். 'கொம்பியூட்டர் அடிச்சது பிழைக்குமா?' என்று கேட்டு, பழைய பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டானாம் அந்த மண்டு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கடிதத்தை நானே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தட்டினேன். இருநூற்று நாற்பது அட்டையிலும் தகப்பன் பெயரே அச்சாகியிருக்கிறது, ஆட்கள் சரியான ஆட்கள் என்று எழுதினேன். ஆனால் சாவடியில் கேட்டது அட்டையில் உள்ள முத்திரை. அது கனகசுந்தரத்தின் மேசை லாச்சிக்குள் இருந்தது. ஸல்ஹாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் நிறுவனத்துக்குப் போனேன்.

அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மேசையில் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இது கொம்பியூட்டர் பிழை. உங்கட லெட்டர்ஹெட்டில நீங்கள் குடுங்கோ."

"என்ர கடிதத்தை அங்க ஆரும் பாக்க மாட்டினம் சேர். முத்திரை உங்கட."

"நான் முத்திரை குத்தினால் பிழை எங்கட எண்டு ஆகும். தலைமைக் கந்தோருக்கு ஆர் பதில் சொல்லுறது? ஒரு கிழமை பொறுங்கோ, எழுதிக் கேட்டுப் பாப்பம்."

ஒரு கிழமை! சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை. ஸல்ஹா கதிரையில் இருக்கவும் இல்லை, நின்றபடியே இருந்தாள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஏச வாயெடுத்தபோதுதான் அவருடைய நெஞ்சில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. அலுவலர் அட்டைகளும் அதே மென்பொருளில், கடைசியாகப் பத்து அட்டை என்று, நான் அடித்துக் கொடுத்தவைதான்.

"சேர், உங்கட பேர் என்ன?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்?"

"கழுத்தில தொங்குறதை வாசியுங்கோவன்."

குனிந்தார். 'ஆறுமுகம் க.' அவருடைய முகம் பழைய புளி மாதிரிக் கறுத்தது.

"ரெண்டு கிழமையா அப்பாவை நெஞ்சில தொங்கவிட்டுக்கொண்டு நாலு சாவடி தாண்டிப் போய் வாறியள். ஒருத்தன் மறிச்சவனோ? ஏன் மறிக்கேல்லை? ஏசி வாகனத்துக்குள்ள இருந்தனீங்கள். இந்தப் பிள்ளையின்ர மனுசன் தோளில வலையோட நிண்டவர். வாங்கோ, இப்ப இறங்கி என்னோட நடந்து வாங்கோ, அந்த அட்டையோட சாவடிக்குப் போவம்."

கந்தோரில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அவர் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிள்ளை, முதல்ல என்ர அட்டையை மாத்தி அடிச்சுத் தாங்கோ."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. நாசமாய்ப் போக என்று தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. படித்த மனிதர், பெரிய கதிரை, எல்லாம் சேர்த்து ஏசினேன். "கையெழுத்து விழாட்டி இந்தச் சென்மம் முழுக்க நீங்கள் ஆறுமுகம்தான்" என்று முடித்தேன். அதுவரை வாய் திறக்காத ஸல்ஹா, "சேர், நாலு மணிக்கி ஏத்திருவாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் லாச்சியைத் திறந்தார்.

துறைச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர மூன்று மணி. பொறுப்பாக இருந்த சிங்கள அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு அரைகுறைத் தமிழில் சொன்னார். "எங்கட ஊர்லயும் பரம்பரைப் பேர் முன்னாலதான் வாறது. வெளங்குது." அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது அவருக்கு. நேற்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேற்றே விளங்கியிருக்கும். கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

அபூதாஹிர் வெளியே வந்தான். சட்டையில் பொத்தான் இல்லை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. ஸல்ஹா முக்காட்டு நுனியால் அவன் வாயோரத்தைத் துடைத்தாள், அவன் கையை விலக்கினான்.

"அடி பெரிசில்ல புள்ள. 'முத்தலிப் எங்க?' எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சானுகள். வாப்பா எண்டேன். அப்ப வாப்பாவக் கொண்டா எண்டானுகள். மண்ணுக்குள்ள கெடக்குற மையத்த எங்க போய்க் கொண்டாற? ஏலாமப் போய், பொறகு நாந்தான் முத்தலிப் எண்டுட்டேன். வாப்பாட பேரச் சொல்லி, அவரு மையத்தையும் சேத்து ஏசினானுகள். நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

"இத அடிச்ச ஆள் ஆரு?"

ஸல்ஹா நிலத்தைப் பார்த்தாள். எனக்குக் கொம்பியூட்டர் பிழை என்று வாய் வரை வந்துவிட்டது. மத்தியானம் யாரை அந்தச் சொல்லுக்காக ஏசினேனோ, அவருடைய சொல் என் நாக்கில் தயாராக இருந்தது.

"நான்தான்" என்றேன். "பிழை எண்டு தெரிஞ்சு கொண்டுதான் அடிச்சனான்."

அவன் ஏசவில்லை. ஸல்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினான்.