ராசாவின் கன்னம்

“புளி போட்டு ஒருக்கா. பிறகு திருநீறு போட்டு ஒருக்கா. அப்பவும் கறுப்புப் போகேல்லை. மூண்டாம் தரமும் உரஞ்சினனான்” என்றாள் என் மனைவி அருள்மலர், பெருமையோடு.

காமாட்சி விளக்கின் பக்கத்தில், துவாயின் மேல் அந்த வெள்ளி நாணயம் காய்ந்துகொண்டிருந்தது. நான் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“உதை ஏன் தொட்டனீர்?”

“சாமித்தட்டிலை வச்சால் லட்சுமிக் காசு எண்டுதானே நினைக்கிறது? வெள்ளிக்கிழமைக்கு விளக்கு மினுக்கேக்கை அதையும் மினுக்கினன். ஆரப்பா, லட்சுமிக்குப் பக்கத்திலை உந்தத் தாடிக்காரன்?”

“சுவீடன் ராசா, ஒஸ்கார். பக்கத்திலை அவற்றை ராணி. அவையின்ரை ஐம்பதாவது கலியாண நாளுக்கு அடிச்ச காசு.”

என் குரலைக் கேட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். கலியாணமாகி எட்டு மாதம். ரொறன்ரோவுக்கு வருமுன் சுவீடனில், மால்மோ நகரில் கழித்த இரண்டு குளிர்காலங்களைப் பற்றி அவளிடம் நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இப்போதுதான் சொன்னேன்.

நான் இருந்த மேல்மாடி அறை, இங்கிரிட் என்ற கிழவியின் வீட்டில் இருந்தது. ஜெயரட்ணம் என்ற என் பெயரைச் சுருக்கி ‘யேயா’ என்பாள். அவள் கணவன் கப்பலில் எஞ்சின் பார்த்தவன். கப்பல் பிந்தும் நாட்களில் துறைமுகத்தில் நின்று, கோட்டுப் பைக்குள் இந்த நாணயத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாளாம். நாணயம் முழுக்கக் கறுப்பு. ராசாவின் கன்னம் மட்டும், இருட்டுத் தெருவில் ஒரு வீட்டின் சன்னல்போல வெளிச்சம். நான் புறப்பட்ட அன்று அதை என் கையுறைக்குள் நுழைத்துவிட்டாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டை, அந்த முகவரியில் யாருமில்லை என்று திரும்பி வந்தது.

“அந்த வெளிச்சம் ஒண்டுதான் அவவின்ரை மிச்சம்” என்றேன். “இப்ப பாரும், எல்லா இடமும் மினுங்குது.”

“சொல்லியிருந்தால் தொட்டிருப்பனே?”

அவள் நாணயத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தடவினாள்.

“பொறுங்கோ. இஞ்சை வழுக்குது. மற்ற இடமெல்லாம் விரலிலை தட்டுப்படுது.”

என் பெருவிரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். இருந்தது. இங்கிரிட்டின் விரல் தேய்த்த மழமழப்பு அப்படியே இருந்தது.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அவள் என் கையை விடவில்லை.

“நாளைக்கு விடிய ஸ்டீல்ஸ் றோட்டிலை பஸ்ஸுக்கு நிக்கேக்கை, இதை என்ரை கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வச்சிருக்கட்டே?”