மூச்சுத் திணறத் தெரியாதவள்

காலை ஏழு மணிக்கு முக்குளி தொட்டிக்குள் இறங்குவதற்கும் கடற்கன்னி வசைபாடத் தொடங்குவதற்கும் இடையே ஒரு நொடிகூடக் கழிந்ததில்லை.

“ஏன்டா, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? அந்த மூலையில பாசி தாடி மாதிரி தொங்குது!”

“துடைக்கிறேன், துடைக்கிறேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னே. உன்னைப் பெத்தவங்க வேற வாக்கியமே சொல்லித் தரலையா?”

முக்குளி என்பது பட்டப்பெயர். காற்றுக்குழாயைக் கடித்தபடி நீரில் மூழ்கிக் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பது அவர் தொழில். நாற்பத்தொன்பது வயதாகியும் மணமாகாதவர். அக்காள் வீட்டு மாடியறையில் குடியிருப்பவர். அந்தத் தொட்டி இருந்த கடல்மீன் காட்சிச்சாலையின் மேலாளர் அக்காளின் கணவரே. வேலை தாம் போட்டுக் கொடுத்தது என்பதை வாரம் ஒருமுறையேனும் நினைவூட்ட மேலாளர் தவறியதில்லை.

கடற்கன்னியோ, சென்ற மழைக்காலத்தில் கடல்நீர் இழுக்கும் பெருங்குழாய் வழியே தானாக வந்து சேர்ந்தவள். இடுப்புக்குக் கீழே மீன். இடுப்புக்கு மேலே சிடுமூஞ்சி. அவளை எவரும் பிடித்து வைக்கவில்லை. குழாயின் வாய் திறந்தே கிடந்தது.

“அப்புறம் ஏன் போகாம இருக்கே?” என்று முக்குளி ஒருநாள் கேட்டார்.

“கடல்ல திட்டுறதுக்கு ஆளே இல்லை. எல்லாம் மீனு. என்ன திட்டினாலும் வாயைத் திறந்து திறந்து மூடும். நீயாவது முகம் சுளிக்கிறே.”

அந்தச் சொற்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மூன்று நாள்கள் உணவில் உப்பிருக்கிறதா இல்லையா என்றுகூட அறியாமல் அவர் உண்டார். அக்காள் கண்டுபிடித்துவிட்டாள்.

“தம்பி, உண்மையச் சொல்லு. அந்த மீன்காரி மேல உனக்கு ஆசையா?”

“மீன்காரின்னா மீன் விக்கிறவ, அக்கா. இவ அப்படி இல்ல.”

“உனக்கு எத்தனை பொண்ணு பார்த்தேன்! எல்லாருக்கும் ரெண்டு காலு இருந்துச்சேடா!”

இவ்வளவில் நின்றிருந்தால் குறையொன்றுமில்லை. ஆனால் பார்வையாளர் என்றொரு கூட்டம் இருக்கிறதே! பக்கத்துத் தொட்டியில் ரப்பர் வால் மாட்டிய பெண்ணொருத்தி நீந்திக் காட்டுவாள். இரண்டு நிமிடத்துக்கொருமுறை அவள் மூச்சு முட்டி, காற்றுக்குழாயைப் பாய்ந்து கவ்வுவாள். கூட்டம் கண்கலங்கிக் கைதட்டும். அதே கூட்டம் இந்தப் பக்கம் திரும்பி, “இது பொம்மைப்பா! மூச்சே விடலை பாரு, மோட்டார்ல ஓடுது,” என்று உதட்டைப் பிதுக்கும். ‘போலிக் கடற்கன்னியை வைத்து எங்களை ஏமாற்றுகிறீர்கள்’ என்று புகார்ப் புத்தகத்தில் ஒருவர் எழுத, அதன் கீழே நாற்பது பேர் கையொப்பமிட்டிருந்தனர். உண்மையைக் கண்ணெதிரே நீந்தவிட்டாலும் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். பொய் சற்றே திணறிக் காட்டினால் போதும், உருகிவிடுவார்கள். இவர்களைப் படைத்த கடவுளும் எங்கோ உட்கார்ந்து கைதட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மேலாளர் முக்குளியை அழைத்தார்.

“மச்சான், இவ இப்படியே உர்ருன்னு இருந்தா, ஒண்ணாந்தேதி குழாயில தள்ளிவிட்டு, திரும்பி வராதபடி வலையடிச்சிடுவேன்.”

“அத்தான், அவ நிஜமான கடற்கன்னி!”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்தவனுக்குத் தெரியலையே! மூச்சு வாங்கச் சொல்லிக்குடு. அப்படியே கொஞ்சம் சிரிக்கவும் சொல்லிக்குடு.”

அவளைப் போகவிடுவதே முறை என்பது முக்குளிக்குத் தெரியாமலில்லை. ஆயினும், அவள் போய்விட்டால் காலை ஏழு மணியென்பது வெறும் ஏழு மணியாகிவிடும் அன்றோ? அந்த அச்சத்துக்கு அன்பு என்று பெயர் சூட்டிக்கொண்டு, பாடம் நடத்த இறங்கினார்.

“எனக்கா? மூச்சா? அந்தக் குழாயை வாயில வெச்சாலே விக்கல் வருது. போடா!”

“எனக்காக.”

அவள் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“இப்படிச் சொல்லிட்டா நான் எப்படித் திட்டுறது?” என்றாள்.

பதினொரு நாள்கள் பயிற்சி நடந்தது. கன்னம் உப்புதல், நெஞ்சைப் பிடித்தல், குழாயைப் பாய்ந்து கவ்வுதல். பிறகு மூவகைச் சிரிப்பு: குழந்தைகளுக்குப் பல் தெரிய ஒன்று, படம் எடுப்போருக்குத் தலை சாய்த்து ஒன்று, பெரிய மனிதர்களுக்கு உதடு பிரியாமல் ஒன்று. பார்வையாளரை மரியாதையாக விளிக்கவும் கற்பித்தார். பிடிவாதக்காரிகள் ஒன்றைக் கற்கத் தொடங்கினால் பாதியில் விடுவதில்லை.

முதல் தேதியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் திணறியதைக் கண்டு ஒரு மூதாட்டி விம்மி அழுதார். ரப்பர் வால்காரியைப் பற்றி, ‘நடிப்பு செயற்கையாக உள்ளது’ என்று அன்று மாலையே புகார் எழுதப்பட்டது.

“மச்சான், கலக்கிட்டே! மூணு வருஷத்துக்கு இவதான்!” என்று மேலாளர் கட்டியணைத்தார். பிறகு, வாங்கி வைத்திருந்த வலையைத் தொட்டியின் உட்புறமாகவே குழாயின் வாயில் அடித்தார்.

“வலை எதுக்கு அத்தான்? அவதான் நல்லா நடிக்கிறாளே!”

“இவ்வளவு பழக்கினதை வெளிய விடுவாங்களா, பைத்தியக்காரா?”

மறுநாள் காலை ஏழு மணிக்கு முக்குளி கத்தியுடன் இறங்கினார். வசை எதுவும் வரவில்லை. அவள் மேல்மட்டத்துக்கு வந்து உதடு பிரியாமல் சிரித்தாள்.

“வாங்க சார். நல்லா இருக்கீங்களா?”

“என்ன சார், மோருன்னுட்டு? நான்தான்!”

“தெரியுது சார்.”

“இதோ பாரு, வலையை நான் அறுத்துடறேன். போறதுன்னா போயிடு. இருக்கிறதுன்னா... என்னைக் கட்டிக்கிறியா?”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

“சரியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லேன்!”

“எல்லாமே ரொம்ப சந்தோஷம் சார்.”

“என்னைத் திட்டாவது திட்டு!”

அவள் தலையைச் சற்றே சாய்த்தாள். அந்த முகத்தில் எங்கேயாவது ஒரு சுளிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். பதினொரு நாள்கள் திருத்தித் திருத்தி அவரே துடைத்தெடுத்த முகம். ஒரு பிழைகூட இல்லை.

அவர் மூழ்கினார். கைவிரல் கிழிய வலையை அறுத்து முடித்தார். கடல்நீர் குளிர்ந்து உள்ளே புகுந்தது. அவள் அந்தத் திறப்பைத் திரும்பியும் பாராமல், கண்ணாடியருகே நீந்திச் சென்றாள். கன்னம் உப்பியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். காற்றுக்குழாயைப் பாய்ந்து கவ்வினாள்.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கைகள் காலியாக இருந்தன.

அது பழக்கமோ, பழிவாங்கலோ அவருக்கு விளங்கவில்லை. பழிவாங்கலாகவே இருக்க வேண்டும் என்று, தம் மூச்சு உண்மையிலேயே முட்டும்வரை, நீருக்கடியில் நின்று வேண்டிக்கொண்டிருந்தார்.