பக்கத்துக் கண்ணாடி

போஜெனாவுக்கு அந்த ஆளைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. போலந்தில், லூப்ளின் நகருக்கு வெளியே, காய்ந்த வயலோரக் கூடாரத்தில் நின்றுகொண்டு, ஹெலிகாப்டர் கம்பெனி டைரக்டர் கிராயெவ்ஸ்கி வெங்காய ரொட்டியை மென்றபடி ராணுவ அதிகாரிகளிடம் அளந்துகொண்டிருந்தார்.

"ஹெலிகாப்டர் மேல சுத்துற இறக்கையோட நுனியை அகலமாக்கிப் பின்னால வளைச்சிட்டோம். புழுதி வளையமா வெளியே தள்ளிப் போயிடும், பைலட்டுக்குக் காலடித் தரை பளிச்சுனு தெரியும். எல்லாம் நம்ம யோசனைதான்."

நம்ம யோசனையாம்! சில வருடங்களுக்கு முன் கம்பெனி இன்ஜினியரான அவள் அதை வரைந்து நீட்டியபோது, எடை கூடும் என்று மூலையில் தூக்கிப் போட்டவர் இதே மகராசன்தான். பிறகு ராணுவ விமானியான அவள் தம்பி ஒல்கியர்ட், பாலைவனத்தில் பழைய இறக்கையோடு இறங்கும்போது, தன் ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதியிலேயே தரை தெரியாமல் சாய்ந்து செத்தான். விசாரணையில் கிராயெவ்ஸ்கி என்ன சொன்னார் தெரியுமா? பக்கத்துக் கண்ணாடி வழியே தரையைப் பார்த்திருந்தால் போதும், விமானியின் தவறு என்றார். அதனால் படைப்பிரிவின் நினைவுக் கல்லில் தம்பியின் பெயர் ஏறவில்லை. அதை ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள்.

"சார், முதல்ல பழைய இறக்கை மாட்டின ஹெலிகாப்டர்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க. அப்பத்தானே புதுசோட அருமை தெரியும்?" என்றாள் தேனொழுக.

அதிகாரிகள் தலையாட்டினார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் எப்படி மறுப்பார்? ஏறி உட்கார்ந்தார். ஓட்டியது யாரெக், ஒல்கியர்டோடு ஒரே அறையில் தங்கியவன். அவனிடம் அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சோதனைக்காகவே உழுது பரம்படித்த வயல். ஹெலிகாப்டர் தாழ்ந்ததும் மாவு போன்ற மண் குபீரென்று எழும்பி அதை விழுங்கியது. உள்ளே பேசுவது விருந்தாளிகளுக்குக் கேட்கட்டும் என்று கூடாரத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

"இறங்கப் போறேன்," என்றான் யாரெக்.

போஜெனா மைக்கை எடுத்தாள். "சார், பக்கத்துக் கண்ணாடி வழியாத் தரையைப் பார்த்து அவனுக்குச் சொல்லுங்க."

"தரையா? எங்கேம்மா தரை? கண்ணாடி பூரா மண்ணு!"

"நல்லாப் பாருங்க சார். பார்த்தாப் போதும்னு விசாரணையில நீங்கதானே சொன்னீங்க?"

"ஐயோ, சாயுதுடா! மேலே தூக்கு! இதுல எவனால பார்க்க முடியும்? எந்தப் பைலட்டாலயும் முடியாது!"

கூடாரத்தில், அன்று விசாரணைக்குத் தலைமை தாங்கிய நரைத்தலை ஜெனரல் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பையன் கேஸை மறுபடி எடுக்கணும்," என்றார், போஜெனாவின் முகத்தைப் பார்க்காமல்.

"தூக்கிடு யாரெக்," என்றாள் அவள். உடனே சொல்லவில்லை. கொஞ்சம் கதறட்டும் என்று விட்டுத்தான் சொன்னாள். அதில் அவளுக்கு வெட்கமே இல்லை.

சிமென்ட் தளத்தில் இறங்கிக் கிராயெவ்ஸ்கி தள்ளாடி வந்தபோது சட்டையெல்லாம் வாந்தி. நேரே அவளிடம்தான் வந்தார்.

"பாவி, நான் செத்திருப்பேன்டி!"

"செத்தா என்ன சார்? பைலட் தப்புன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்."