ஏற்கெனவே இருந்த கீறல்

வாடகைக் கார் கவுன்ட்டர் பெண் நீட்டிய சாவியை அவன் வாங்கவில்லை. முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் மனைவி பெட்டிகளை உருட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

வெள்ளைக் கார். கடல் எங்கேயும் தெரியவில்லை, அதன் காற்று மட்டும் அந்தச் சிமென்ட் தரைவரை வந்து போய்க்கொண்டிருந்தது. அவன் குத்தவைத்து உட்கார்ந்து, முன் பம்பரிலிருந்து படம் எடுக்க ஆரம்பித்தான். போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் மெல்லிய கோடும் வெளிச்சத்தில் எழும்பி வரும். கல்யாணமான புதிதில் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். விபத்தான வண்டிகளைப் போய்ப் பார்த்து, எந்த அடி இப்போது பட்டது, எது ஏற்கெனவே இருந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவன் வேலை. அவளுடைய தம்பி அவனைக் 'கீறல் மச்சான்' என்றுதான் கூப்பிடுவான்.

"இங்க பாரு, வீல் கப்புல ஒண்ணு. பாக்காம எடுத்துட்டுப் போனா நம்ம தலையில கட்டிருவாங்க."

"அவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"அவங்க வேலையே அதுதான்."

"உங்க வேலையும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். பெட்டியின் கைப்பிடியை அவள் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் பயணம் அவன் கேட்டு வாங்கியது. பிரிந்துவிடலாம் என்று ஒரு காலையில் அவள் குக்கர் மூடியைக் கையில் வைத்தபடி சொன்னபோது, அவன் அடுப்பை அணைத்துவிட்டு, "ஒரே ஒரு வாரம் எங்கயாவது தூரமாப் போயிட்டு வருவோம். அப்பவும் உனக்கு இப்படியே தோணுச்சுன்னா நான் தடுக்க மாட்டேன்" என்றான். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். என்ன வாக்கியம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டாள்.

அவள் உண்டாகியிருந்த சமயம், வேண்டாம் என்று சொல்லியும், நேரமாகிவிட்டது என்று அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக் குறுக்குச் சந்து வழியாகக் கூட்டிப்போனான். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. ஆஸ்பத்திரியில், அவள் கட்டிலில் கிடக்க, டாக்டரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இது ஏற்கெனவே இருந்த பிரச்சினைதானே டாக்டர்? வண்டியில வந்ததால இல்லையே?"

வண்டியால் இருக்காது, இப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வேலை முடிந்து ஃபைலை மூடும்போது வருமே, அதே நிம்மதி. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

டாக்டர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். இருந்தாலும், 'உன்னை அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது' என்று அவன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டீயரிங் இடது பக்கம். திரும்ப வேண்டிய இடங்களிலெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டான். ஒரு பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழ் வைப்பர் கரகரவென்று காய்ந்த கண்ணாடியைத் தேய்த்தது.

"மழை வரப்போகுதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டே போறீங்களா?"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு தாயே. எனக்கு எதிர்ல வர்றவன் எல்லாம் எமன் மாதிரி தெரியறான்."

இருபுறமும் தாழ்ந்த சுவர்கள், காயப்போட்ட துணிகள், பெயர் தெரியாத மரங்கள். யாரோ ஒருத்தி பால்கனியில் போர்வையை உதறினாள். தானும் இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவிலேயே கிழவியாகிற ஒருத்தியாக இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தெருவும் சீக்கிரமே முடிந்துபோனது.

வாடகைக்கு எடுத்த வீட்டின் வாசல் குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் கல் தூண். அவன் அவளை இறங்கிப் பார்க்கச் சொன்னான்.

"வாங்க... வாங்க... கொஞ்சம் ஒடிச்சுத் திருப்புங்க... வாங்க."

கர்ரென்று ஒரு சத்தம்.

அவன் இறங்கி வந்து குனிந்தான். பின் கதவில் உள்ளங்கை நீளத்துக்குக் கோடு. உடனே போனை எடுத்து, காலையில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். அந்தக் கதவின் படத்தை விரலால் பெரிதாக்கினான். கதவு கண்ணாடிபோல் பளபளத்தது. அந்தப் பளபளப்பில் பெட்டிகளோடு நிற்கும் அவளுடைய நிழல்கூடத் தெரிந்தது. அவன் அந்த நிழலைத் தாண்டிக் கோட்டைத் தேடினான்.

"இல்லையே" என்றான். பிறகு நிமிர்ந்து, "நீதானே வா வான்னு சொன்ன?"

எப்போதும் இந்த இடத்தில்தான் சண்டை பிடித்துக்கொள்ளும். அவள் தூணில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்ட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன். என் தப்புதான்."

அவன் சற்றுத் தடுமாறினான். "அதுக்காகச் சொல்லல... பரவால்ல விடு. இன்சூரன்ஸ் இருக்கு."

"எவ்ளோ ஈஸியா சொல்லிட்டேன், பாத்தீங்களா?" என்றாள். "செத்தா போயிட்டேன்?"

அவனுக்குப் புரிந்தது. புரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. அவன் வாய் லேசாகத் திறந்தது. வெயிலில் அவன் நெற்றி மின்னியது. அவள் காத்திருந்தாள். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள், எதையோ கலைத்துவிடக் கூடாது என்பதுபோல.

"டாக்டரே சொன்னாங்கல்ல..." என்றான்.

அவள் தலையாட்டினாள். கதவருகே சுவரில் பொருத்தியிருந்த சாவிப் பெட்டியை எண் போட்டுத் திறந்து, வீட்டுச் சாவியை எடுத்து, உள்ளே போனாள்.

வீடு படத்தில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. வெள்ளை விரிப்பு, நீலத் திரைச்சீலை, மேஜையில் கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினான், குழாய்களைத் திருகிப் பார்த்தான், எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று போட்டுப் போட்டு அணைத்தான். அப்புறம் போனோடு ஒவ்வொரு அறையாக வந்தான். சமையல் மேடையில் சூடு பட்ட கறை, விளிம்பு பெயர்ந்த தட்டு, குளியலறையில் உடைந்த டைல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

அவன் படுக்கையறை வாசலில் நின்றான். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து கட்டில்வரை இறங்கியிருந்தது. போனைத் தூக்கினான். இறக்கினான்.

"சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்றான், கனிவாகவே.

"வேண்டாம்."

மறுபடி தூக்கினான். ஒரு கணம் போனைத் தாண்டி அவளை நேராகப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். இன்னும், இப்போதும்கூட, அப்படி நினைத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோயேன். படத்துல நீயும் வர்ற."

அவள் எழுந்தாள். கொஞ்சம் தள்ளி நின்றால் போதும். அவள் பெட்டிவரை போய்விட்டாள். பின்னால் கிளிக் என்றது.